ஆறாவது ஓட்டை

“தொப்பி” என்றான் அன்புசெல்வன்.

சாம்சன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினான்.

“தாடப்பட்ட. தோளு. ஹூக்கு ஒண்ணு, ஹூக்கு ரெண்டு. ஷூ. இடுப்பு.”

‘இடுப்பு’ வருவதற்குள் சாம்சன் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைக் கட்டிவிட்டான். அதில் அவனுக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். அன்புசெல்வன் இடுப்புப் பட்டைக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு இழு இழுத்துப் பார்த்தான். பக்கிளின் முள் ஐந்தாவது ஓட்டையில் இருந்தது. விரல்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அங்கே நின்றது போலிருந்தது. பிறகு “சரி, போலாம்ணா” என்று சொல்லி மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டான். சாம்சன் மூச்சை விட்டான். பட்டை வயிற்றைக் கடித்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்த அந்த இரும்புக் கம்பெனியில் உயரத்தில் வேலை செய்கிறவர்கள் ஜோடியாகத்தான் ஏற வேண்டும். ஒருவனுடைய பெல்ட்டை மற்றவன் கையால் தொட்டுச் சோதிக்க வேண்டும். சோதித்தவன் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் சூப்பர்வைசர் வெங்கடேசன் ஏணியின் முதல் படியில் கால் வைக்க விடுவார். கல்யாணப் பதிவேட்டில்கூட மனிதர்கள் அவ்வளவு யோசித்துக் கையெழுத்துப் போடுவதில்லை. ஆறு வருடமாக சாம்சனுக்கு அன்புசெல்வன், அன்புசெல்வனுக்கு சாம்சன். கூரைத் தகடு மாற்றுவது, மழைநீர்க் கால்வாய் பொருத்துவது, துருப்பிடித்த குறுக்கு இரும்பை அறுத்து இறக்குவது என்று பதினைந்து மீட்டர் உயரத்தில்தான் இருவருக்கும் பிழைப்பு.

சாம்சனுக்கு உயரம் பிடிக்கும். பிடிக்கும் என்பதைவிட, அங்கேதான் அவனுக்கு விடுதலை. கீழே இருக்கிற வரைக்கும் அவன் மண்டைக்குள் ஒரு குரல் ஓயாமல் தின்பண்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். கேண்டீனில் இன்று என்ன, வடை மிச்சம் இருக்குமா, வீட்டில் டப்பாவில் என்ன இருக்கிறது, மனைவி ஜெபா எப்போது வெளியே போவாள். ஏணியில் ஏறத் தொடங்கினால் பாதியிலேயே அந்தக் குரல் நின்றுவிடும். மேலே தின்ன ஒன்றும் கிடையாது, கொண்டுபோகவும் கூடாது. கம்பி வடத்தில் கொக்கியை மாட்டி, தூரத்தில் சென்னை ரயில் பூச்சி மாதிரி ஊர்ந்து போவதைப் பார்க்கும்போது அவன் வயிறு வெறும் வயிறாக இருக்கும். அவ்வளவு நிம்மதி.

அந்த நிம்மதிக்குத்தான் இப்போது ஆபத்து. கழுத்தில் தொங்கும், உயரத்தில் ஏற அனுமதிக்கும் ஹைட் பாஸ் வியாழக்கிழமையோடு முடிகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி டாக்டர் ரத்த அழுத்தம், கண், எடை எல்லாம் பார்த்துப் புதுப்பிப்பார். பெல்ட்டில் தைத்திருக்கும் துணியிலேயே நூறு கிலோ என்று அச்சடித்திருக்கிறது. அதற்கு மேல் இருப்பவனைப் பெல்ட் தாங்காது, பாஸும் கிடைக்காது. மத்தியானம் கழிவு இரும்பு எடை போடும் ஆள் சாப்பிடப் போன நேரத்தில் சாம்சன் அந்த மேடையில் ஏறி நின்று பார்த்தான். நூற்று இரண்டரை. அன்றைக்குத் திங்கட்கிழமை.

மற்றவனாக இருந்தால் அன்று மாலையே வாயைக் கட்டியிருப்பான். சாம்சன் நேராக புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் போனான். நாளையிலிருந்து பட்டினி என்று முடிவு செய்த நாளில்தான் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. பைக்கை ஒரு கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிறுத்தினான். புதுவாயலில் அவனுக்கு மூன்று கடை, மூன்று வேஷம். பாலத்துக்கு அடியில் இருக்கும் பரோட்டாக் கடையில் அவன் ஷிப்ட் முடிந்து பசியோடு வந்த தொழிலாளி. நாலு பரோட்டா, ஒரு முட்டைக் கலக்கி, இன்னும் இரண்டு பரோட்டா. கைகழுவிவிட்டு ரோட்டைத் தாண்டி பிரியாணிக் கடைக்குப் போனால், ஆந்திர எல்லையில் இருக்கும் தடாவிலிருந்து வந்துகொண்டிருக்கிற, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத ஆள். “ஏமி நைனா, லேட்டா?” என்று கடைக்காரர் கேட்பார். இவனும் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே இலையை இழுத்துக்கொள்வான். மூன்றாவதாக பேக்கரி. அங்கே அவன் ஒரு பாசமான தகப்பன். “புள்ளைக்குப் பார்சல்” என்று ஆறு கிரீம் பன் வாங்கி, லாரிக்குப் பின்னால் நின்றபடியே ஆறையும் தின்று முடிப்பான்.

ருசி முதல் பரோட்டாவோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவன் சாப்பிடுவதில்லை, கை சாப்பிடுகிறது. யாரோ துரத்துவது மாதிரி, மென்றும் மெல்லாமலும், தொண்டையில் அடைத்தால் தண்ணீர் ஊற்றித் தள்ளி, வயிறு வலித்து நிமிர முடியாமல் போகிற வரைக்கும். ஐந்தாவது பன்னில் கண்ணில் நீர் வரும். ஆறாவதை அழுதுகொண்டேதான் தின்பான். பிறகு காகிதங்களை பைக் பெட்டியில் திணித்து, வாயைத் துடைத்து, தன் முகத்தை வண்டிக் கண்ணாடியில் பார்க்காமல் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவான். அங்கே ஜெபா தட்டு வைப்பாள். அதையும் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பாள்.

எப்போது ஆரம்பித்தது என்று அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. சின்ன வயதில் வீட்டில் ஐந்து பிள்ளைகள், ஒரு பானை. அம்மா நாற்று நடப் போய்விட்டு வந்து வடிக்கும் சோற்றில் முதலில் முடித்தவனுக்கே இரண்டாம் கரண்டி. அந்த அவசரம் கையை விட்டுப் போகவில்லை. இருபத்து நாலு வயதில் முதல் பாஸ் எடுக்கப் போனபோது எடை ஒரு கிலோ கூடுதல். “நாலு நாள் வாய்ல எதையும் வைக்காத, எல்லாம் கொறஞ்சிடும்” என்று ஒரு சீனியர் யோசனை சொன்னார். குறைந்தது. பாஸ் வந்த சாயங்காலம் ஒரு கடையில் உட்கார்ந்தான், எழுந்திருக்க முடியவில்லை. அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு பட்டினி. பட்டினிக்கு முன்னும் பின்னும் புதுவாயல். நாளடைவில் அதற்குப் பட்டினியும் தேவைப்படவில்லை. வெங்கடேசன் நாலு பேர் முன்னால் கத்தினாலும் போதும், வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் போதும்.

இந்த முறை அவனுக்கு ஒரு சௌகரியம் அமைந்தது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் நடந்துகொண்டிருந்தன. சபையில் பலரும் மத்தியானம் வரை உபவாசம் இருந்து சாயங்காலம் கஞ்சி குடிப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் ஜெபா தோசை வார்த்தபோது “வாணாம், உபவாசம்” என்றான். அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். வேதப் புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூசி தட்டுகிற மனிதன் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கண் கலங்காது? சாயங்காலம் கஞ்சியையும் வேண்டாம் என்றபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. புதன்கிழமை சாயங்காலக் கூடுகைக்கு முன்னால் போதகரின் காதில் போட்டுவிட்டாள்.

“நம்ம சாம்சன் தம்பி ரெண்டு நாளா தண்ணிகூடப் பல்லுல படாம உபவாசத்துல இருக்காரு. அந்த வெயில்ல, அவ்ளோ ஒசரத்துல வேல செஞ்சிக்கினு. நாமளும் இருக்கோமே” என்று போதகர் பிரசங்கத்துக்கு நடுவில் சொன்னார்.

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒன்பது வயது ஏஞ்சல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாம்சன் தலையைக் குனிந்துகொண்டான். அதையும் பக்தி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவனோ அந்த நேரத்தில் நாளைக்குப் பாஸ் வாங்கிய கையோடு புதுவாயலில் எந்தக் கடையில் தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். அது தெரிந்தபோது அவனுக்கே உடம்பு கூசியது. ஆனாலும் யோசனை நிற்கவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு எடை மெஷினின் சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறில் நின்றன. கம்பெனி டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவனுக்குக் காது இரண்டும் அடைத்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று போனால், வெங்கடேசன் வழியிலேயே மறித்தார்.

“பாஸ் வந்துச்சா? நல்லதாப் போச்சி. மூணாவது ஷெட்டு கூரைல ரெண்டு தகடு தூக்கினு நிக்குது. நாளைக்கு உள்ள மெஷின் ஓட்டணும். நீயும் அன்பும் ஏறி முடிச்சிட்டு வந்துடுங்க.”

முடியாது என்றால் காரணம் கேட்பார். சாம்சன் கேண்டீன் பக்கம் போய் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். பன்னிரண்டு வருடத்தில் அவன் மேலே தின்பண்டம் கொண்டுபோவது அதுதான் முதல் தடவை. பாக்கெட் நெஞ்சில் உரசியபோது, ஏதோ ஒன்றைக் கெடுக்கப் போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

அன்புசெல்வன் பெல்ட்டைச் சோதித்தான். முள் நாலாவது ஓட்டையில் இருந்தது. வயிற்றை இழுக்கவே தேவைப்படவில்லை. “இன்னாணா, கண்ணெல்லாம் உள்ள பூந்துட்சி?” என்றான். “உபவாசம்டா” என்றான் சாம்சன். அன்புசெல்வன் ஒரு நிமிடம் தயங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

மார்ச் மாத மத்தியானம். கூரைத் தகடு தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. கூரையின் உச்சியில் ஒரு கம்பி வடம் நீளவாக்கில் ஓடும். இடுப்பிலிருந்து வரும் இரண்டு கயிற்றின் முனையிலும் ஒவ்வொரு கொக்கி. நகரும்போது ஒன்றைக் கழற்றி முன்னால் மாட்டி, பிறகுதான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். ஒன்று எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சாம்சன் இதைச் சொல்வான். அன்புசெல்வன் அந்தக் கோடியில் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். இந்தக் கோடியில் தகடு பெயர்க்கப்பட்டு, ஆள் விழுகிற அளவுக்குத் திறந்து கிடந்தது. அதன் வழியாகக் கீழே சிமெண்ட் தரையும், அடுக்கி வைத்த இரும்புக் கம்பிகளும் தெரிந்தன. சாம்சன் அந்தத் திறப்பின் ஓரத்தில், குறுக்கு இரும்பின் மேல் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான்.

குரல் ஆரம்பித்துவிட்டது. மேலே, முதல் முறையாக. சட்டைக்குள் கீது, எட்டிப் புடிச்சா கைல வந்துடும் என்றது. அவன் கையுறையைக் கழற்றினான். பாக்கெட்டைப் பல்லால் கிழித்தான். முதல் மிட்டாய் நாக்கில் பட்டதும் கண் இருட்டி, மறுபடி வெளிச்சம் வந்தது. இரண்டாவது, மூன்றாவது. அவசரத்தில் ஒரு துண்டு நழுவித் திறப்பின் வழியாக விழுந்தது. அதைப் பிடிக்க அவன் உடம்பு தானாக முன்னால் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. கீழே துண்டு விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அவன் அடுத்ததை எடுத்தான்.

அன்புசெல்வன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். பார்த்தது இதுதான்: சாம்சன் இரண்டு கையாலும் எதையோ வாயில் திணித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய இரண்டு கொக்கியும் இடுப்புக்குப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கின்றன.

கூப்பிட வாயெடுத்தவன் வாயை மூடிக்கொண்டான். கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் போய்விடுவான். அன்புசெல்வன் தன் கொக்கியைக் கழற்றி முன்னால் மாட்டினான், அடுத்ததைக் கழற்றி முன்னால் மாட்டினான். தகடு சத்தம் போடாதபடி திருகாணி வரிசையின் மேலேயே அடி வைத்து நடந்தான். இருபது மீட்டர் இருக்கும். சாதாரண நாளில் அரை நிமிடம். அன்றைக்கு அவன் சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசி இரண்டு மீட்டரைத் தவழ்ந்து கடந்து, சாம்சனின் ஒரு கொக்கியைப் பிடித்து மெல்லத் தூக்கி வடத்தில் மாட்டினான். ‘டக்’கென்றது. பிறகு இரண்டாவது. ‘டக்.’

சாம்சன் அந்தச் சத்தத்தில்தான் திரும்பினான். வாய் நிறைய மிட்டாய். முதலில் வடத்தைப் பார்த்தான், பிறகு தன் இடுப்பை, பிறகு கால்களுக்குக் கீழே இருந்த திறப்பை. இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்துக்கொண்டான்.

“ரெண்டும் மாட்டிட்டேன். ஒண்ணும் இல்ல” என்றான் அன்புசெல்வன். “மெதுவா மென்னு முழுங்குணா. அவசரம் இல்ல. அப்பால எறங்கலாம்.”

யாரும் பார்க்கச் சாப்பிடக் கூடாது என்பதற்காகத்தான் சாம்சன் இத்தனை வருடம் லாரிக்குப் பின்னால் நின்றான். இப்போது பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, அவன் மென்று முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். சாம்சனுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் விழுங்கினான்.

கீழே இறங்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

“உனுக்கு இன்னா வியாதிணா?” என்றான் அன்புசெல்வன்.

“வியாதி ஒண்ணும் இல்லடா. பசி. மயக்கம்.”

“பொய் சொல்லாத. ஆறு வருஷமா உன் பட்டைய தெனம் நான்தான புடிக்கிறேன்? பாஸ் எடுக்கிற வாரம் நாலாவது ஓட்டை. மறுவாரம் அஞ்சி. அப்பால நீ மூச்சப் புடிச்சிக்கினு அஞ்சுலயே தள்ற. மூச்ச வுட்டா ஆறு. மூஞ்சப் பாத்து கண்டுபுடிக்க முடியாது, வெரலுக்குத் தெரியும். கேன்சர் கீன்சரான்னு பயந்துக்கினு இருந்தேன், தெரியுமா? கேட்டா நீ ஒடஞ்சிடுவியோன்னு கேக்கல.”

சாம்சன் சொன்னான். முதல் தடவையாக ஒரு மனிதனிடம், பாதி வார்த்தைகளை விழுங்கி, மூன்று கடையையும் சொன்னான். அன்புசெல்வன் சிரிக்கவில்லை. “வயிறா, தண்ணித் தொட்டியா?” என்று கம்பெனியில் எல்லோரையும் கிண்டல் செய்கிறவன் அவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தான்.

“நாளைலர்ந்து உன் தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“டேய், பாஸ் கீதுடா. தொண்ணூத்தொம்பது புள்ளி ஆறு.”

“பாஸ் டாக்டர் குடுத்தது. கையெழுத்து என்னுது. நீ அண்ணிகிட்ட சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போ. அது வரைக்கும் கீழ வேல பாரு. வேற யாராவது கையெழுத்துப் போட வந்தா, இன்னிக்கு நடந்தத வெங்கடேசன் சார்கிட்ட நானே சொல்லுவேன்.” கொஞ்ச தூரம் போய்த் திரும்பினான். “நீ வுழுந்திருந்தா நான் உன் ஊட்டுக்கு எப்டிணா போவேன்?”

புதுவாயலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பைக் தானாக வேகம் குறைந்தது. பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. சாம்சன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு “ரெண்டும் மாட்டிட்டேன், ரெண்டும் மாட்டிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே பாலத்தைக் கடந்தான். பக்கத்தில் வந்த ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜெபா கஞ்சியும் துவையலும் எடுத்து வைத்திருந்தாள். அவன் உட்காராமல் பைக் பெட்டியிலிருந்த காகிதங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து தரையில் போட்டான். எண்ணெய்க் காகிதம், பேக்கரி கவர், பன் சுற்றிய தாள். அவள் முதலில் குப்பையைப் பார்த்தாள், பிறகு அவனை. அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே போனது. உபவாசம் எதற்கு என்று சொன்னபோது “அய்யோ, சபைல சொல்லிட்டேனே” என்றாள். அதுவரைக்கும் தாங்கிக்கொண்டாள். அவன் அடுத்ததைச் சொன்னான்.

“ஜனவரில, ஏஞ்சல் பொறந்தநாளுக்கு, கிளாசுக்குக் குடுக்க வாங்கின சாக்லேட்டு. அத்த அவ தின்னல.”

சமையல்கட்டில் குக்கர் விசில் அடித்தது. ஜெபா எழுந்து அணைக்கவில்லை. அன்றைக்கு அவள் பிள்ளையைக் கரண்டிக் காம்பால் அடித்திருந்தாள். திருடினதுக்கு ஒன்று, பொய் சொன்னதுக்கு இரண்டு.

“அந்தப் புள்ள நான் இல்லம்மா, நான் இல்லம்மான்னு கத்துச்சே” என்றாள். “நீ இதோ இங்கதான ஒக்காந்திருந்த. ஷூவுக்கு லேஸ் கட்டிக்கினு.”

கல்யாணமான பத்து வருடத்தில் அவள் அவனை ‘நீ’ என்றது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். வாசலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஏஞ்சலை அவளே கூப்பிட்டாள். “அப்பா உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்” என்றாள்.

சாம்சன் முட்டி போட்டு உட்கார்ந்து சொன்னான். மேலே திறப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததைவிட அது கஷ்டமாக இருந்தது. ஏஞ்சல் கொஞ்சம் யோசித்தாள்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“அம்பது இருந்துச்சே. வயிறு வலிக்கலயா?”

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. “வலிச்சிதும்மா” என்றான். ஏஞ்சல் அவனை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். ஜெபா கஞ்சியைச் சுட வைத்து, தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, எதிரில் உட்கார்ந்துகொண்டாள். முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துத் திருவள்ளூருக்குப் போனார்கள். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் ஜெபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். டாக்டர் கல்பனா சின்ன வயதுப் பெண். எடை மெஷினில் ஏறச் சொல்லவில்லை. அதுவே அவனுக்கு அதிசயம்.

“பசி இல்லாதப்பவும் சாப்பிடுவீங்களா?” என்று ஆரம்பித்தார். “வேகமா? வயிறு வலிக்கிற வரைக்கும்? யாரும் பாக்காத எடத்துல? முடிச்சதும் உங்க மேலயே அருவருப்பா வருமா? சாப்பிட்டத வாந்தி எடுக்க முயற்சி பண்ணுவீங்களா?”

கடைசிக் கேள்விக்கு மட்டும் இல்லை என்றான். மற்ற எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். இந்தப் பெண் தன்னைப் புதுவாயலில் பின்தொடர்ந்து வந்திருப்பாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“இது ஒரு நோய். பின்ஜ் ஈட்டிங்னு பேரு, அடக்க முடியாம அளவுக்கு மீறிச் சாப்பிடறது. நிறைய பேருக்கு இருக்கு, வெளிய சொல்ல மாட்டாங்க. உங்களுக்கு மனசுல திடம் இல்லாததால வந்தது இல்ல. சின்ன வயசுப் பசி, வேல டென்ஷன், நீங்க கெடந்த பட்டினி, எல்லாம் சேர்ந்து வந்தது. பட்டினி கெடக்கக் கெடக்க இது ஜாஸ்திதான் ஆகும். அதனால மொதல் மருந்து, காலைல சாப்பிடணும். மூணு வேளை, நடுவுல ரெண்டு தடவ ஏதாவது கொஞ்சம். நேரம் தவறக் கூடாது. எடை குறையறத அப்புறம் பாக்கலாம். வாராவாரம் வந்து பேசுங்க. நடுவுல தவறிப் போகும். போனா மறைக்காதீங்க, அடுத்த வேளைய விட்டுறாதீங்க.”

“லெந்து இன்னும் முடியல டாக்டர்” என்றாள் ஜெபா. “ஜெபம் பண்ணா சரியாவாதா?”

“பண்ணுங்க. அவருக்கு இட்லி குடுத்துட்டுப் பண்ணுங்க.”

ஜெபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் ஐந்து நாளாக இல்லாத சிரிப்பு. திரும்பும்போது பஸ்ஸில் அவள் அவனோடு பேசவில்லை. ஆனால் பதினொரு மணியானதும் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள். பஸ் நிறைய ஆட்கள். அவன் எல்லோரும் பார்க்க உரித்துத் தின்றான்.

அதன் பிறகு எல்லாம் சீராகிவிட்டது என்று சொன்னால் அது கதைவிடுவது. சாம்சன் கீழே நின்று கயிறு இழுத்தான், தகடு அடுக்கினான். அன்புசெல்வன் வேறு ஒருவனோடு மேலே போவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். கீழே குரல் ஓயவில்லை. ஏழரைக்கு இட்லி, பத்தரைக்குச் சுண்டல், ஒன்றுக்குச் சோறு என்று நேரம் வைத்துச் சாப்பிட்டதில் சில நாள் அது சத்தம் குறைந்தது, சில நாள் கூடியது. குருத்தோலை ஞாயிறு அன்று போதகர் உபவாசத்தைப் பற்றி விசாரித்தபோது, “எனக்கு டாக்டர் வாணாம்னு சொல்லிட்டாங்க ஐயா” என்றான். போதகர் ஏன் என்று கேட்கவில்லை. ஜெபா பக்கத்தில் நின்று அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டர் முடிந்த மறு வாரம் திங்கட்கிழமை. மூன்றாவது ஷெட்டின் கூரையில் மழைநீர்க் கால்வாய் வேலைக்கு ஆள் பற்றவில்லை. “ஏறுவியா சாம்சன்? பாஸ் கீது இல்ல?” என்றார் வெங்கடேசன். சாம்சன் அன்புசெல்வனைப் பார்த்தான். அன்புசெல்வன் ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்து நீட்டினான். மேசைமேல் தாள் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு இரும்பு நட்டை வைத்திருந்தார்கள்.

“தொப்பி.”

தலையை ஆட்டினான்.

“தாடப்பட்ட. தோளு. ஹூக்கு ஒண்ணு, ஹூக்கு ரெண்டு.” அந்த இரண்டையும் அன்புசெல்வன் கையில் எடுத்துத் திறந்து மூடிப் பார்த்தான். ‘டக், டக்’ என்றது. “ஷூ.” கொஞ்சம் நிறுத்தினான். “நாஷ்டா?”

“ஏழரைக்கு. நாலு இட்லி.”

“நேத்து?”

அதற்குப் பதில் சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. மேலே வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ரயில் போகிற சத்தம் கேட்டது. ஒரு பொய் போதும், இன்னும் பத்து நிமிடத்தில் அங்கே இருக்கலாம்.

“நேத்து சாயங்காலம் புதுவாயல்ல எறங்கிட்டேன்டா” என்றான் சாம்சன். “ஒரு கடைதான். பாதில எழுந்திருக்கப் பாத்தேன், முடியல. ஊட்ல சொல்லிட்டேன். காலைல சாப்ட்டுதான் வந்தேன். எடை மேடைல நின்னு பாத்தேன், நூறு தாண்டல.”

அன்புசெல்வன் குனிந்து பட்டையைப் பிடித்தான். “இடுப்பு” என்றான்.

வழக்கம் போல வயிறு உள்ளே போகப் பார்த்தது. சாம்சன் அதைத் தடுத்தான். மூச்சை முழுக்க வெளியே விட்டான். அவன் வயிறு பட்டையைத் தள்ளிக்கொண்டு அன்புசெல்வனின் இரண்டு விரல்மேல் வந்து அழுத்தியது. அன்புசெல்வன் பக்கிளைத் தளர்த்தினான். இதுவரை முள் நுழையாததால் ஆறாவது ஓட்டை புதுசாக, ஓரம் கெட்டியாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தி முள்ளை அதில் நுழைத்து, ஒரு இழு இழுத்துப் பார்த்தான். பிறகு பேனாவுக்காகச் சட்டைப் பையில் கையை விட்டான்.